முன்னறையும் பின்னறையும்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து எமது வீட்டில் தங்கும் உறவினர் யாவரும் மறுநாட் காலையில் கேட்கும் கேள்வி ஒன்றே. சென்ற ஆவணியில் வந்த மாமி மட்டும் உடனே கேட்கவில்லை. கட்டிலில் எழுந்திருந்து, இரு கைகளாலும் காதுகளைப் பொத்தியபடி சிறிது நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்புதான், "இஞ்ச எப்பிடித் தம்பி நித்திரை கொள்ளுறியள்?" என்றார். நாமும் எல்லோருக்கும் சொல்லும் பதிலையே அவருக்கும் சொன்னோம்: "பழகிப் போச்சு, மாமி."

இப்பதிலைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது பொய்யென்று கண்டுகொள்ள எமக்கு நெடுங்காலம் பிடித்தது.

நாம் குடியிருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த ஒரு மேல்மாடியில். கீழே புடைவைக் கடை. கடைக்கு முன்னால் பஸ் தரிப்பிடம். 100, 101, கொட்டாஞ்சேனை வரை போகும் 102 ஆகிய பஸ்களெல்லாம் எமது யன்னலின் கீழ்த்தான் நின்று புறப்படுகின்றன. நிற்பதும் புறப்படுவதும் என்று எழுதிவிட்டோம். அவ்விரண்டுக்கும் இடையே நடப்பவை பல. தடையை அழுத்தியதும் காற்று சீறும். நடத்துநர் பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் அறைந்து ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிப்பார். சாரதி வண்டியை நிறுத்தாமலும் ஓட்டாமலும் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். பின்னால் வந்த பஸ் ஹோண் அடிக்கும். முன்னால் நிற்பது அதற்குப் பதில் அடிக்கும். பிறகு இரண்டும் ஒன்றாக உறுமிப் பாயும். விடியற்புறம் நாலரை மணிக்குத் தொடங்குவது இரவு பத்தரை, பதினொரு மணிக்குத்தான் ஓயும். அதன் பின்னர் பாரமேற்றிய லொறிகள் வரும். வீட்டின் பின்புறம் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கை. அப்பக்கம் சமையலறையும் ஒரு சிற்றறையும் உள. அங்கே கேட்பது தூரத்துப் புகையிரதத்தின் ஓசை மாத்திரமே. அது வரும், போய்விடும்.

எமது மகன் ஐந்தாந் தரத்திற் படிக்கிறான். புலமைப்பரிசிற் பரீட்சை அவன் தலைக்கு மேலே தொங்குகிறது. மாலை வேளைகளில் முன்னறை மேசையிலிருந்து தமிழ்ப் பாடத்தை உரத்து வாசிப்பான். வாக்கியத்தின் நடுவே திடீரென நிறுத்துவான். சில கணங்கள் சென்றபின் விட்ட சொல்லிலிருந்து தொடருவான். ஹோண் அடிக்கும்போதெல்லாம் அவன் நிறுத்துகிறான் என்று முதலிற் கண்டவர் அவனுடைய தாய். காற்புள்ளி இடவேண்டிய இடத்தை இலக்கண ஆசிரியர் தீர்மானிக்கவில்லை, 101 பஸ் தீர்மானிக்கிறது என்று நாம் சொல்லிச் சிரித்தோம். ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு அது நல்ல பகிடியாகவே பட்டது. ஆனால் ஒருநாள் நாலு முழத் தூரத்தில் நின்று மூன்றுமுறை பெயர் சொல்லி அழைத்தும் அவன் திரும்பவில்லை. காது வைத்தியரிடம் காட்டினோம். காதில் குறை ஒன்றுமில்லை என்றார்.

காதிற் குறையில்லாத பிள்ளைக்குக் கேளாமற் போவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடியபோது எமக்குத் தட்டுப்பட்டது நியூயோர்க் நகரத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி. மன்ஹாட்டனில் அகன்ற நெடுஞ்சாலை ஒன்றின் நேர் மேலே முப்பத்திரண்டு மாடிகள் கொண்ட நான்கு தொடர்மாடிக் கட்டடங்களை 1960களிற் கட்டினார்கள். அங்கு வாழ்ந்த பிள்ளைகளை ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகிய உளவியலாளர் ஆராய்ந்து 1973 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒலியால் ஒன்றையொன்று ஒத்த சொற்களைப் பிரித்தறிவதில், வீதிக்கு அண்மையிலுள்ள கீழ்மாடிப் பிள்ளைகள் மேல்மாடிப் பிள்ளைகளிலும் பின்தங்கியிருந்தனர். எத்தனை ஆண்டுகள் அங்கு வாழ்ந்தனரோ அத்தனைக்கு வேற்றுமையும் பெரிதாயிற்று. வாசிப்பிலும் அதன் விளைவு தெரிந்தது. இரைச்சலைத் தள்ளிவிடப் பழகும் பிள்ளை, இரைச்சலோடு சேர்த்துப் பேச்சொலியையும் தள்ளிவிடப் பழகிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இரண்டாண்டு கழித்து, 1975 இல், ஆர்லின் பிரோன்ஸாஃப்ட் என்னும் அம்மையாரும் அவருடைய சக ஆய்வாளரும் அதே நகரத்தில் உயர்பாலத்துப் புகையிரதப் பாதையை ஒட்டிய ஒரு பாடசாலைக்குப் போனார்கள். ஒரே பாடசாலை, ஆனால் தண்டவாளப் பக்கத்து வகுப்புகள் வேறு, மறுபக்கத்து வகுப்புகள் வேறு. தண்டவாளப் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை அடையும்போது அப்பின்னடைவு ஏறக்குறைய ஓர் ஆண்டுப் படிப்பாகியிருந்தது. பின்னர் தண்டவாளத்தின் கீழே இறப்பர் மெத்தைகள் வைத்தார்கள். வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் தட்டுகள் பதித்தார்கள். 1981 இல் அம்மையார் மீண்டும் அளந்து பார்த்தபோது இரு பக்கத்துக்கும் வேற்றுமை இருக்கவில்லை. அப்பிள்ளைகளை மந்தமானவர் என்று எத்தனை ஆசிரியர்கள் முன்பு சொல்லியிருப்பார்களோ! நாமும் எமது வகுப்பில் சிலரை அவ்வாறு சொல்லியிருக்கிறோம்.

"பழகிப் போச்சு" என்ற சொல் அன்றிலிருந்து எம் வாயில் வருவதில்லை.

அடுத்து நாம் செய்தவை எல்லோரும் செய்பவைதாம். முதலில் தடித்த திரைச்சீலை வாங்கினோம். அறை இருண்டது; சத்தம் அப்படியே இருந்தது. துணி அறைக்குள் எழும் எதிரொலியைச் சற்று அடக்குமேயன்றி வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது; தடுக்க வேண்டுமாயின் பாரமும் இடைவெளியின்மையும் வேண்டும் என்பதைப் பணம் போனபின் அறிந்தோம். யன்னல்களை அடைத்தோம். வெக்கையில் மின்விசிறியைக் கூட்டினோம்; விசிறி ஒரு புதுச் சத்தத்தைத் தந்தது. அப்போதும் ஹோண் தடையின்றி வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், யன்னலுக்கு மேலே சுவரிற் காற்றுக்காக விட்ட துளைகள்! நம் நாட்டு வீடு காற்றுக்காகக் கட்டப்பட்டது. காற்று வரும் வழியில் ஒலியும் வரும். நூறு சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறந்திருந்தாற் போதும், மிகுதிச் சுவர் எத்துணைத் தடிப்பாயினும் 20 டெசிபெலுக்கு மேலே தடுக்க இயலாது என்பது கணக்கு. துளைகளையும் பலகையால் மூடினோம். ஒரு கிழமைக்குள் சுவரிற் பூஞ்சணம் பூத்தது. மகனுக்கு இழுப்பு வந்தது. பலகையைக் கழற்றினோம். குளிரூட்டி பூட்டி, இரட்டைக் கண்ணாடி இட்டு, உள்ளே அடைந்திருக்கலாம். அதற்கு ஆசிரியச் சம்பளம் இடந்தராது. வெள்ளவத்தையில் அமைதி சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. மேலே போகப் போக விலை கூடும். கடலைப் பார்த்தாற் பின்னும் கூடும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1996 இல் இரைச்சல் பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. மாநகர, நகர சபை எல்லைகளுள் பகலில் 63, இரவில் 50 டெசிபெல். பாடசாலை, வைத்தியசாலை போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள் 50, 45. உலக சுகாதார நிறுவனம் 1999 இல் படுக்கையறைக்குச் சொன்ன 30 டெசிபெலையும் வகுப்பறைக்குச் சொன்ன 35 ஐயும் நினைத்தால் இவை தாராளமானவைதாம். அது போகட்டும். இவ்வொழுங்குவிதி அளக்கச் சொல்வது, ஒலி பிறக்கும் இடம் அமைந்துள்ள காணியின் எல்லையில். ஆலைக்குக் காணி உண்டு, மின்பிறப்பாக்கிக்குக் காணி உண்டு. காலி வீதியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் வண்டிகளுக்கு எந்தக் காணி? ஒலிபெருக்கிக்கு அனுமதி பெற்றவர் ஒருவர் இருக்கிறார். ஆதலால் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை அதற்குத் தடை விதிக்க முடிந்தது. 2011 இல் வாகன ஹோண்களுக்கென்றே தனி ஒழுங்குவிதிகளும் ஆக்கப்பட்டன. அவை எந்த ஹோண் பூட்டலாம் என்று சொல்கின்றன. ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எமது கட்டடத்திலும் அயலிலும் உள்ள இருபத்துமூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். வரைந்தவர்கள் நாம், அதை அழகிய சிங்களத்தில் எழுதித் தந்தவர் அடுத்த மாடியில் வாழும் சிங்கள நண்பர். நித்திரை கெடுவதில் இனபேதம் இல்லை. பஸ் தரிப்பிடத்தை இருநூறு யார் தெற்கே தள்ளி வைக்க வேண்டும் என்பது எமது கோரிக்கை. அங்கே கடைகள் இல்லை, "பெரிதாக ஆட்கள் இல்லை" என்று காரணமும் காட்டியிருந்தோம். உரிய அலுவலகத்திற் கொடுத்தோம். பதில் வரவில்லை.

வராதது நல்லதாயிற்று. சில வாரங்களின் பின், பாடசாலைக்கு வராதிருந்த மாணவன் ஒருவனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனோம். காலி வீதியிலிருந்து ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்தொன்று உள்ளே போயிற்று. உள்ளே பலகையும் தகரமுமாக இருபது வீடுகள் வரையிருக்கும்; முதல் வரிசையின் சுவர் வீதியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவன் தாயார் எம்மை இருத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார். பஸ் ஒன்று கடந்தபோது தகரம் அதிர்ந்தது. சட்டியின் மூடியும் அதிர்ந்தது. அப்போதுதான் இடம் புரிந்தது. தரிப்பிடத்தை எங்கே வைக்கும்படி இருபத்துமூன்று குடும்பங்கள் ஒப்பமிட்டுக் கேட்டோமோ, அந்த இருநூறாவது யார் இதுதான். "பெரிதாக ஆட்கள் இல்லை" என்று எழுதிய கை எமது கை. தேநீரைக் குடித்துவிட்டு, மாணவனைப் பாடசாலைக்கு அனுப்பும்படி சொல்லிவிட்டு வந்தோம். மனுவைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை.

யூலியஸ் சீசர் காலத்து உரோமாபுரியிற் பகலில் வண்டி நெரிசல் தாங்க முடியாமல், கி.மு. 45 அளவில், சில வண்டிகள் நீங்கலாக மற்றவை பகலில் நகருக்குள் ஓடலாகாதென்று சட்டம் செய்தார்கள். பகல் அமைதியாயிற்று. வண்டிகள் இரவில் ஓடின. செல்வர் தோட்டம் சூழ்ந்த மாளிகையில் உறங்கினர். மாடிக் குடிசைகளில் வாடகைக்கு இருந்தவர் விழித்திருந்தனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் யுவனல் என்ற அங்கதக் கவிஞன் அதைப் பாடிவைத்திருக்கிறான். சத்தத்தை ஒழிப்பது கடினம். வேறொருவன் தலைமாட்டுக்கு நகர்த்துவது எளிது. எமது மனுவும் சீசரின் சட்டமும் ஒரே சாதி.

காலி வீதி ஓய்ந்து கிடந்ததை நாம் மூன்று தடவை கேட்டிருக்கிறோம். 1983 யூலையில் எமக்கு எட்டு வயது. கூச்சலும் கண்ணாடி நொறுங்குவதும் அடங்கி, ஊரடங்கு வந்தபின், எரிந்த கடைகளுக்கிடையே அவ்வீதி கிடந்த அமைதி இன்றும் அடிவயிற்றில் இருக்கிறது. அன்று ஒரு வண்டிச் சத்தம் கேட்டாலும் பயம், கேளாவிட்டாலும் பயம். இரண்டாவது, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின் போது. முன்னறையிலிருந்து கடலின் இரைச்சலைக் கேட்டோம். அது அவ்வளவு அருகிலிருப்பதை மகன் அன்றுதான் அறிந்தான். மூன்றாவது, 2022 இல் எரிபொருள் இல்லாமற் போனபோது. பின்னைய இரண்டிலும் நாம் நன்றாகத் தூங்கினோம் என்பதை மறைக்க முடியாது. முதற் சில நாட்கள் மகிழ்ந்தோம் என்பதும் உண்மை. ஆனால் மாதச் சம்பளம் உள்ளவனே அந்த அமைதியை அனுபவித்தான். தரிப்பிடத்தருகே கடலை விற்றவர் காணாமற்போனார். முச்சக்கர வண்டிக்காரர் இரண்டு நாள் வரிசையிற் காத்திருந்து சில லீற்றர் பெற்றார். எமது வகுப்பில் பலர் காலையில் உண்ணாமல் வந்தனர். அந்த அமைதி அவர்களுடைய அடுப்பு அணைந்ததால் வந்தது.

அப்படியாயின் யாரிடம் போய் முறையிடுவது? ஒருநாள் மாலை, ஆத்திரம் தாங்காமல் கீழே இறங்கிப்போய், தரிப்பிடத்தில் ஹோணை விடாது அழுத்திக்கொண்டிருந்த 102 பஸ்ஸின் நடத்துநரைப் பிடித்துக்கொண்டோம். "சேர்!" என்றார் அவர். கொட்டாஞ்சேனையில் நாம் படிப்பித்த காலத்தில் பின்வாங்கில் இருந்த பையன். கோபம் பாதியிற் போயிற்று. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார், காசு வாங்கவில்லை. இறங்குமுன் சொன்னார்:

"சேர், முதலாளிக்குப் பின்னேரம் குடுக்கவேண்டிய காசு குடுக்கவேணும். டீசலும் எங்கட. மிச்சம் இருந்தாத்தான் எனக்கும் டிரைவர் அண்ணனுக்கும். ஹோண் அடிக்காட்டி வீட்டுக்குள்ள இருந்து வெளிக்கிடுற ஆளுக்கு பஸ் நிக்கிறது தெரியாது. பின்னால வாறவன் ஏத்திக்கொண்டு போயிடுவான். நான் என்ன செய்ய?"

ஹோணின் பொருள் எமக்கு அன்று விளங்கிற்று. ஒழுக்கக்கேடு என்று நாம் எண்ணியது கூலிமுறை. தனியார் பஸ்களிற் பெரும்பாலானவற்றில் சாரதிக்கும் நடத்துநருக்கும் நிலையான மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலே அவர்களுடைய சோறு. ஒரே வழியில் ஒரே பயணிக்காக இரு தொழிலாளரை ஓடவிட்டு, முந்தியவனுக்குக் கூலி என்றால், ஹோணும் பாய்ச்சலும் விபத்தும் அதிலிருந்தே பிறக்கும். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது; 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தார்கள். சபையின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். கூட்டம் மிதிபலகையில் தொங்கியது, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்றெல்லாம் எம் தந்தையார் திட்டியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் முன்னால் நிற்பவனும் பின்னால் வருபவனும் அன்று ஒரே சபையின் ஊழியர். இலண்டனில் 1934 இல் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா இரவு பதினொன்றரை முதல் காலை ஏழு வரை ஹோண் அடிப்பதைத் தடைசெய்தபோது, அந்நகரத்துப் பஸ்கள் ஏற்கெனவே, 1933 இல், ஒரு பொதுச்சபையின் கீழ் வந்திருந்தன. ஹோண் அடித்து ஆள் பிடிக்க வேண்டிய தேவை அங்கே சாரதிக்கு இருக்கவில்லை.

ஒலியியற் கணக்கும் இதற்கே சாட்சி. வண்டிகளின் தொகையைச் சரிபாதியாகக் குறைத்தாலும் சராசரி ஒலி 3 டெசிபெல்தான் இறங்கும். காது அதை ஏறக்குறைய உணராது. பிள்ளையின் வாசிப்பை வெட்டுவது சராசரி அன்று, திடீரென்று எழும் உச்சி. அந்த உச்சி ஹோண். அதற்குத் திரைச்சீலையிலும் மருந்து இல்லை, தரிப்பிடத்தை நகர்த்துவதிலும் இல்லை.

வெள்ளவத்தைக்குக் கூலிப்போர் புதிதன்று. ஹவ்லொக் சிற்றி என்னும் உயர்ந்த தொடர்மாடிகள் இன்று நிற்கும் நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. 1933 இல் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் இந்நாட்டுத் தொழிலாளரோடு முதன்முதலாகத் தோள் சேர்ந்த களங்களில் அது ஒன்று. தறிக்கூடத்து இரைச்சலில் நாள் முழுதும் நின்றவனுடைய காது என்னவாயிற்று என்று எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எமது பழைய மாணவனை நினைக்கிறோம். பழைய மாதிரி பஸ்களில் எஞ்சின் சாரதிக்குப் பக்கத்திலேயே, பஸ்ஸின் உள்ளேதான் இருக்கிறது. அதன் சூட்டிலும் உறுமலிலும் பன்னிரண்டு மணித்தியாலம் இருவரும் நிற்கிறார்கள். பேசும்போது அவர் எமது உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்திரண்டு.

வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். சமையலறைப் பக்கத்துச் சிற்றறையிலிருந்த அரிசி மூட்டையையும் பழைய பெட்டிகளையும் முன்னறைக்கு மாற்றி, மகனின் மேசையையும் கட்டிலையும் அங்கே போட்டோம். அறை சிறிது, கதவு முழுதாகத் திறவாது. அம்மம்மா தாமாகவே முன்னறைக்கு வந்துவிட்டார். "எனக்கு என்ன கேக்கப் போகுது, பொடியன் படிக்கட்டும்" என்றார். அவருக்குக் கேட்கிறது என்பதை நாம் அறிவோம். நாலரை மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்திருப்பதை எத்தனையோ நாட் கண்டிருக்கிறோம். எமது வீட்டுக்குள்ளேயும் ஒரு தரிப்பிடத்தை நகர்த்தியிருக்கிறோம். மகன் இப்போது வாக்கியங்களை முடிக்கிறான். அழைத்தால் இரண்டாம் முறையில் திரும்புகிறான்.

மனுவும் இன்னொன்று எழுதியாயிற்று. பஸ் ஊழியருக்கு நிலையான மாதச் சம்பளம், ஒரே வழியில் ஓடும் பஸ்களுக்கு ஒரே நேர அட்டவணை, வசூல் பொதுப்பெட்டிக்கு. சிங்கள நண்பர் இம்முறையும் எழுதித் தந்தார். ஆனால், "மாஸ்டர், எங்களுடைய நித்திரைக்கும் அவர்களுடைய சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்களே" என்றார். கேட்கத்தான் செய்கிறார்கள். இருபத்துமூன்று குடும்பங்களில் இதுவரை ஆறு ஒப்பமிட்டிருக்கின்றன. ஏழாவது ஒப்பம் சந்துக்குள்ளிருந்து வந்தது, மாணவனின் தாயாருடையது. எட்டாவது 102 பஸ்ஸின் நடத்துநருடையது. அவர் முழுப்பெயர் போடப் பயந்து முதலெழுத்தை மட்டும் இட்டிருக்கிறார். அதை ஏற்பார்களா என்று அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்திற் கேட்க வேண்டும்.